பஞ்சப்படி, போனஸ், வாலன்டரி: மேடைத் தமிழும் திருப்பூர்த் தமிழும்

(எபிசோடின் எழுத்து வடிவம். காதுக்குப் பேசியதை கண்ணுக்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லுல ஆரம்பிக்கலாம். வாலன்டரி.

2009ஆம் வருஷம். அந்த பிப்ரவரியிலதான் திருப்பூர் தனி மாவட்டமாச்சு. நான் கோயமுத்தூர்ல காலேஜ் படிச்சுட்டு இருந்தேன். அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங். திருப்பூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்கு: தைச்சு வர்ற பீஸை ட்யூப் லைட்டுக்குக் கீழ விரிச்சு, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாத்தையும் கண்டுபிடிச்சு ஒதுக்கறதுதான் செக்கிங். நாள் முழுக்க நின்னுட்டே பார்க்கிற வேலை.

அன்னைக்கு கம்பெனியில ஆடிட். வெளிநாட்டு பையருக்காக வந்த ஆடிட்டர் சில தொழிலாளிகளைத் தனியா கூப்பிட்டுப் பேசினார். கேள்வி இங்கிலீஷ்ல. கூட இருந்தவர் அதைத் தமிழாக்கினார். எப்படி? "ஏம்மா, ஓவர்டைம் எல்லாம் வாலன்டரியாத்தான பண்றீங்க?"

அம்மா சொன்னாங்க, "ஆமாங்க."

ஆடிட்டர் ஒரு டிக் போட்டார். அவ்வளவுதான்.

அந்த 'ஆமாங்க' என்னை ரொம்ப வருஷமா தொந்தரவு பண்ணிட்டு இருக்கு. ஏன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பெரிய சுத்து சுத்தி வரலாம். ஜெர்மனி போய், ஈரோடு வந்து, திருப்பூர்ல இறங்கலாம். கேள்வி இதுதான்: நம்மை ஆள்றவங்க பேசற மொழியில வெளியூர்ச் சொல் கலந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

மெர்க்கல் சொன்ன கெட்ட வார்த்தை

2018 டிசம்பர். ஜெர்மனியோட நியூரம்பெர்க் நகரத்துல டிஜிட்டல் மாநாடு. அன்றைய சான்சலர் அங்கேலா மெர்க்கல் மேடையில பேசறார். இணையத்தைப் பத்தித் தான் முன்னாடி சொன்ன ஒரு கருத்துக்கு ஜனங்க தன்னைத் திட்டித் தீர்த்ததைச் சொல்றப்போ, 'ஷிட்ஸ்டார்ம்' வந்துச்சுன்னு சாதாரணமா சொல்றார். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு அதிர்ச்சி. ஒரு நாட்டோட தலைவர் மேடையில இப்படியா? ஜெர்மன்காரங்களுக்கு ஒண்ணுமே தோணலை. ஏன்னா ஜெர்மன் மொழிக்குள்ள போனதும் அந்தச் சொல்லோட நாத்தம் போயிடுச்சு. சமூக வலைத்தளத்துல கும்பலா வந்து திட்டறது, அவ்வளவுதான் அர்த்தம். 2013லயே அவங்களோட பெரிய அகராதியான டூடன் அதைச் சேர்த்துடுச்சு.

இதே ஜெர்மனியில ஒரு காலத்துல அந்நியச் சொற்களை வேட்டையாடினாங்க. 1870கள்ல அங்க தபால் துறைக்குத் தலைவரா இருந்தவர் ஹைன்ரிஷ் ஃபொன் ஷ்டெஃபான். தபால் துறையில அதுவரைக்கும் புழங்கின நூற்றுக்கணக்கான பிரெஞ்சுச் சொற்களை எடுத்துட்டு ஜெர்மன் சொற்களைப் போட்டார். டெலிஃபோனுக்குக்கூட 'ஃபெர்ன்ஷ்ப்ரெஹர்'. நம்ம 'தொலைபேசி' மாதிரியே. 'தூரத்துல பேசறது'ன்னு அர்த்தம். 1885ல இதுக்குன்னே ஒரு சங்கம் உருவாச்சு. ரயில்வேயிலயும் பிளாட்ஃபாரம், டிக்கெட், பெட்டி எல்லாத்துக்கும் பிரெஞ்சுப் பேர் போய் ஜெர்மன் பேர் வந்தது. அதுல பல சொற்கள் இன்னைக்கும் நிக்குது.

கவனிங்க, அவங்க காவல் நின்னது பிரெஞ்சு வர்ற வாசல்ல. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் இன்னொரு வாசல் வழியா இங்கிலீஷ் உள்ள வந்துச்சு. இன்னைக்கு அவங்க மொபைலுக்குச் சொல்ற பேர் 'ஹேண்டி'. இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத இங்கிலீஷ்.

இந்த இங்கிலீஷ் அரசியல்ல எப்போ வந்து உக்காருதுன்னு பாருங்க. 2002ல ஜெர்மன் அரசு வேலைவாய்ப்புக் கொள்கையை மாத்த ஒரு குழு போட்டது. ஹார்ட்ஸ் குழு. அதோட அறிக்கையில 'ஜாப்சென்டர்', 'மினிஜாப்' மாதிரி சொற்கள். உதவித்தொகையைக் குறைச்சு, குறைஞ்ச சம்பள வேலைக்குக் கதவைத் திறந்த சீர்திருத்தம் அது. வேலை போனவனுக்கு அது பழைய வலிதான். பேர் மட்டும் புதுசா, பளபளன்னு இருந்துச்சு.

ஒரு பக்கம் காவல், இன்னொரு பக்கம் திறந்த வாசல். இந்தக் கதையை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? வாங்க, நம்ம ஊருக்குப் போகலாம்.

மறியலும் தோழரும்

நூறு வருஷத்துக்கு முன்னாடி தமிழ் மேடைப் பேச்சை இப்போ கேட்டா நமக்குப் பாதி புரியாது. கூட்டத்துக்குத் தலைமை தாங்கறவர் 'அக்கிராசனர்'. செயலாளர் 'காரியதரிசி'. தேர்தல்ல நிக்கறவர் 'அபேட்சகர்'. அமைச்சர் 'மந்திரி'. இதுக்கு நடுவுல இங்கிலீஷும் இருந்தது. 'காங்கிரஸ்' கடைசி வரைக்கும் காங்கிரஸ்தான். 1916ல தொடங்கின தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தை அந்தப் பேர்ல யாருமே கூப்பிடலை. அவங்க நடத்தின இங்கிலீஷ் பத்திரிகை பேர் 'ஜஸ்டிஸ்'. கட்சிக்கும் அதுவே பேராச்சு. ஜஸ்டிஸ் கட்சி, அப்புறம் நீதிக்கட்சி.

அதே 1916லதான் சுவாமி வேதாசலம் தன்னோட பேரை மறைமலை அடிகள்னு மாத்திக்கிட்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். புலவர்கள் நடத்தின அந்த வேலை ஒரு பக்கம் நடக்கட்டும். எனக்கு அதைவிட சுவாரஸ்யமா படறது தெருவுல நடந்த மொழிபெயர்ப்பு.

'பிக்கெட்டிங்'னு ஒரு போராட்ட முறை. கடை வாசல்ல நின்னு, வாங்க வர்றவங்களைத் தடுக்கிறது. 1921ல ஈரோட்டுல கள்ளுக்கடை முன்னாடி பெரியாரோட மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் செய்தது இதைத்தான். தமிழ்ல இதுக்கு வந்த சொல் 'மறியல்'. கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிக்கடை மறியல். யாருக்கும் விளக்கம் தேவைப்படலை. ஆட்டை மறிக்கிறவன், மடையை மறிக்கிறவன் எல்லாருக்கும் அது ஏற்கெனவே தெரிஞ்ச சொல். இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இலங்கைத் தமிழ்ல 'விளக்கமறியல்'னா ரிமாண்ட்ல வைக்கிறது. இங்க மறியல் பண்ணினா போலீஸ் பிடிக்கும். அங்க போலீஸ் பிடிச்சு வைக்கிறதே மறியல்.

1932 ஜனவரி 10. காந்தி கைதாகி ஒரு வாரம்கூட ஆகலை. தடையை மீறி திருப்பூர் தெருவுல கொடியோட ஊர்வலம் போனாங்க. சென்னிமலையில பிறந்த 27 வயசு குமரன் தடியடியில விழுந்தார். அடுத்த நாள் உயிர் போச்சு. எங்க ஊர்ல குமரன் பேர்ல ரோடு இருக்கு, சிலை இருக்கு. அன்னைக்கு அந்த ஊர்வலத்துல போனவங்களுக்கு 'சட்ட மறுப்பு'ங்கிற சொல் போதுமானதா இருந்தது. சட்டம் தெரியும். மறுக்கவும் தெரியும்.

அதே வருஷம் நவம்பர்ல பெரியார் ஐரோப்பா, சோவியத் ரஷ்யா எல்லாம் சுத்திட்டு ஈரோடு திரும்பறார். வந்ததும் 'குடி அரசு' பத்திரிகையில ஒரு வேண்டுகோள். பேருக்கு முன்னாடி ஸ்ரீ, மகா எல்லாம் வேண்டாம். 'தோழர்'னு போடுங்க. காம்ரேடுக்குத் தமிழ். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சொல். இன்னைக்கும் திருப்பூர்ல தொழிற்சங்க ஆபீஸுக்குள்ள நுழைஞ்சா முதல்ல காதுல விழறது அதுதான். "வாங்க தோழர், உக்காருங்க."

அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1934ல, திருப்பூர்ல ஒரு இளைஞர் மாநாடு. சென்னையில எம்.ஏ. படிப்பை முடிச்ச காஞ்சிபுரத்து இளைஞர் ஒருத்தர் அங்க பெரியாரை முதல் முறையா சந்திக்கிறார். அவர் அண்ணாதுரை. தமிழ் மேடையோட மொழியையே புரட்டிப்போட்ட ஆள் அந்த மேடைக்குள்ள வந்தது எங்க ஊர் வழியாத்தான்.

1944 ஆகஸ்ட்ல சேலம் மாநாட்டுல நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆச்சு. 1949 செப்டம்பர்ல திமுக. 'கழகம்'ங்கிற சொல் அதுக்கப்புறம் தமிழ்நாட்டு அரசியலுக்கே அடையாளம். ஆனா திருக்குறள்ல சூது அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. அங்க கழகம்னா சூதாடுற இடம்! யாராவது அதை வெச்சு இன்னைக்கு அர்த்தம் பண்ணுவாங்களா? ஒரு சொல் எங்கிருந்து வந்ததுங்கிறதைவிட, அதை யார் எதுக்குப் பிடிச்சிருக்காங்கங்கிறதுதான் அதோட அர்த்தத்தை முடிவு பண்ணுது. இதை மனசுல வெச்சுக்கோங்க. திரும்ப வருவோம்.

1967ல அண்ணா முதலமைச்சர். அரசுக் காகிதத்துல ஸ்ரீ போய் திரு வந்தது. அரசு முத்திரையில 'வாய்மையே வெல்லும்'. 1969 ஜனவரி 14ல சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆச்சு. அபேட்சகர் வேட்பாளர் ஆகி, அக்கிராசனர் தலைவர் ஆகி ஏற்கெனவே சில வருஷம் ஆகியிருந்தது.

இதைச் சும்மா 'மொழி வெறி'ன்னு ஒதுக்கிட முடியாது. அக்கிராசனர்ங்கிற சொல் இருந்த மேடையில ஏறுறதுக்கே ஒரு தனிப் படிப்பு வேணும்னு ஒரு நெசவாளிக்குத் தோணியிருக்கும். தலைவர்ங்கிற சொல்லுக்கு அந்தப் பயம் இல்லை. அந்த மொழி மாற்றம் மேடையோட படிக்கட்டைத் தாழ்வாக்குச்சு.

திறந்தே இருந்த வாசல்

ஆனா ஜெர்மனி மாதிரியே இங்கயும் ஒரு வாசல்லதான் காவல். சமஸ்கிருதம் வர்ற வாசல். 1938ல, அப்புறம் 1965ல, இந்தி வர்ற வாசல்லயும் பெரிய காவல். 1965 போராட்டத்துல எங்க பக்கத்துப் பொள்ளாச்சி வரைக்கும் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போச்சு. 1968 ஜனவரியில சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் போட்டது. தமிழ், இங்கிலீஷ். இந்தியைத் தடுக்கிற கேடயமே இங்கிலீஷ்தான். கேடயத்தை யாராவது வெளிய நிக்க வைப்பாங்களா? அது வீட்டுக்குள்ளயே தங்கிடுச்சு.

அதனாலதான் இன்னைக்குத் தேர்தல் வந்தா பேர்ப் பலகையில கழகம், மய்யம், கட்சின்னு நல்ல தமிழ் இருக்கும். 2024ல நடிகர் விஜய் கட்சி தொடங்கினப்போ 'வெற்றி'க்கும் 'கழக'த்துக்கும் நடுவுல 'க்' வரணுமான்னு ஊரே இலக்கண வகுப்பு நடத்தி, கட்சியும் பேரைத் திருத்திக்கிச்சு. ஆனா அந்தப் பலகைக்குப் பின்னாடி நடக்கிறது எல்லாம் என்ன? ரோடு ஷோ, பூத் ஏஜென்ட், ஐ.டி. விங், வார் ரூம். மேடைக்கு ஒரு மொழி, ஆபீஸுக்கு ஒரு மொழி.

பனியன் யார் சொல்?

சரி, மேடையில இருந்து இறங்கி கம்பெனிக்குள்ள போவோம். முதல்ல அந்த 'பனியன்'. குஜராத் வணிகர்களை 'வாணியோ'ன்னு சொல்வாங்க. போர்ச்சுகீசியர் அதைக் கேட்டு 'பனியன்'னாங்க. அவங்ககிட்டருந்து இங்கிலீஷ்காரங்க எடுத்தாங்க. அந்த வணிகர்கள் போட்ட மாதிரி தொளதொள மேலாடைக்கும் அதே பேர் வந்தது. அப்புறம் உள்ளே போடற சட்டைக்கு. கடைசியில அது எங்க ஊருக்கே பேராச்சு. மூலம் 'வணிஜ்'ங்கிற சமஸ்கிருதச் சொல். நம்ம 'வணிக'ருக்கு சொந்தக்காரன். இதுல எதைத் தமிழ்னு சொல்வீங்க, எதை அந்நியம்னு சொல்வீங்க?

உள்ளே போனா இன்னும் வேடிக்கை. நேர்த்தையல் மிஷின்ல உக்காந்தா நீங்க 'சிங்கர் டெய்லர்', அந்த மிஷின் எந்த கம்பெனி மிஷினா இருந்தாலும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் மிஷின்னா 'பவர் டேபிள்'. பக்கத்துல துணியை மடிச்சு எடுத்துக் கொடுக்கிற உதவி ஆள் 'கைமடி'. என்ன அழகான சொல் பாருங்க. கட்டிங் மாஸ்டர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், ஜாப் ஒர்க். இதுக்கெல்லாம் தனித்தமிழ் கண்டுபிடிச்சா யாருக்கும் புரியாது. இது எங்க பேச்சு. எங்க அப்பாவுக்கு ஏழாவதுக்கு மேல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனா 'பீஸ் ரேட்'ங்கிற சொல்லை வெச்சு அவர் கான்ட்ராக்டர்கிட்ட ஒரு பைசா ரெண்டு பைசாவுக்கு மணிக்கணக்கா வாதாடுவார். அந்த இங்கிலீஷ் அவரோட சொத்து.

இதுக்குப் பெரிய சாட்சி 1984. அந்த வருஷம் திருப்பூர் பனியன் தொழிலாளிங்க 127 நாள் ஸ்டிரைக் பண்ணினாங்க. நாலு மாசத்துக்கு மேல. எதுக்கு? ரெண்டு எழுத்துக்கு. டி.ஏ. விலைவாசி ஏறுறதுக்குத் தகுந்த மாதிரி சம்பளத்தோட சேர்த்துக் கொடுக்கிற படி. இதுக்குத் தமிழ்ல மூணு பேர் உண்டு. அரசு ஊழியர்களுக்கு ஆணை போட்டா 'அகவிலைப்படி'. சம்பளச் சீட்டுல 'டி.ஏ.'. சங்கத்து நோட்டீஸ்ல 'பஞ்சப்படி'.

மூணும் ஒண்ணுதான். ஆனா சொல்லிப் பாருங்க. அகவிலைப்படி அரசாணையோட வாசனை. டி.ஏ. கணக்குப்பிள்ளையோட வாசனை. பஞ்சப்படின்னா வயிறு தெரியுது. 127 நாள் அடுப்பு எரியாம இருந்த வீட்டுல இதுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

அதே மாதிரி 'போனஸ்'. லத்தீன்ல 'நல்லது'ன்னு அர்த்தமாம். சட்டப்படி குறைஞ்சது 8.33 சதவீதம். தீபாவளிக்கு முன்னாடி திருப்பூர் டீக்கடையில எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "எட்டு முப்பத்திமூணுதான் போட்டானுங்க"ன்னு சொல்லும். ஒரு லத்தீன் சொல்லும் ஒரு தசம எண்ணும் ஒரு கொங்கு நாட்டுப் பாட்டியோட வாயில ஆயுதமா இருக்கு. இதை அந்நியச் சொல்னு நான் எப்படிச் சொல்வேன்?

அழகான சொல், அழகில்லாத வேலை

இப்போ எதிர்ப்பக்கம். நல்ல நம்மூர்ச் சொல்லே ஜனங்களை ஏமாத்தின கதை.

'சுமங்கலி திட்டம்'. 'திருமகள் திருமணத் திட்டம்'னும் சொன்னாங்க. கோவை, ஈரோடு, திண்டுக்கல், திருப்பூர் வட்டாரத்துப் பல நூல் மில்லுகள்ல நடந்த ஏற்பாடு. கிராமத்துல இருந்து சின்னப் பொண்ணுங்களைக் கூட்டிட்டு வந்து மில் ஹாஸ்டல்ல தங்க வெச்சு, மூணு வருஷம் வேலை. மாசா மாசம் கொஞ்சம் காசு. முடிச்சா மொத்தமா ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. நடுவுல உடம்பு முடியாம போனா, வீட்டுக்குப் போனா, அந்தத் தொகை சந்தேகம்தான். நீண்ட நேர வேலை, வெளிய போக அனுமதி இல்லை. 2011க்குப் பிறகு ஐரோப்பாவுல இதைப் பத்தி அறிக்கைகள் வந்து, பெரிய பிராண்டுகள்கிட்ட கேள்வி கேட்டாங்க.

அந்தப் பேரை யோசிங்க. சுமங்கலி. எந்த அப்பா அம்மாவும் மறுக்க முடியாத சொல். மங்கலம் அதுக்குள்ளயே இருக்கு. அங்க இங்கிலீஷ் எதையும் மறைக்கலை. தாலியோட வாசனைதான் மறைச்சது.

இன்னொண்ணு நொய்யல். சாயப்பட்டறைகள்ல இருந்து ஆத்துக்குள்ள வந்ததை விவசாயிங்க 'சாயத்தண்ணி'ன்னாங்க. ஒரத்துப்பாளையம் அணையில தேங்கினது அதுதான். அந்தச் சொல்லுல நிறம் தெரியும், உப்பு தெரியும். கீழ இருக்கிற தென்னை ஏன் காஞ்சுதுன்னும் தெரியும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்போ ஊர் முழுக்கப் புழங்கின சொல் 'ஜீரோ டிஸ்சார்ஜ்'. ஒரு சொட்டுக்கூட வெளிய விடக்கூடாது. நல்ல கொள்கைதான். ஆனா அந்தச் சொல் என்ஜினீயர், வக்கீல், அதிகாரி பேசற சொல். விவசாயி அந்த மேஜையில உக்காரணும்னா முதல்ல தன்னோட சாயத்தண்ணியை அவங்க மொழிக்கு மாத்திக்கணும்.

மொழிபெயர்த்தா மட்டும் போதுமா? அதுவும் இல்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னாங்க. 'டீமானிடைசேஷன்'. பத்திரிகைகள்ல அது 'பணமதிப்பிழப்பு' ஆச்சு. பொருளாதாரம் படிச்சவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க. மதிப்பிழப்புன்னா பணத்தோட மதிப்பு குறையறது, அது வேற விஷயம். சனிக்கிழமை ரொக்கமா சம்பளம் வாங்கற எங்க ஊர்ல ரெண்டு சொல்லும் ஓடலை. ஒரே சொல்தான். "செல்லாது."

ஊரடங்கு, லாக்டவுன்

2020 மார்ச் 24. இந்தத் தடவை ஜெர்மனியும் நாமும் வழி மாறிட்டோம். ஜெர்மன் அரசியல்வாதிங்க இங்கிலீஷ் 'லாக்டவுன்'னையே எடுத்துக்கிட்டாங்க. அங்க மொழி ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்த 'ஆண்டின் ஆங்கிலச் சொல்' 2020ல அதுதான். தமிழ்நாட்டு அரசும் பத்திரிகைகளும் 'ஊரடங்கு'ன்னாங்க. பழைய சொல். கலவரம், 144, போலீஸ் வேன் எல்லாம் அதுக்குள்ள இருக்கு.

நல்ல தமிழ்ல சொன்னதுக்காக சந்தோஷப்படலாமான்னு யோசிச்சேன். ஆனா அப்போ திருப்பூர்ல மிஷின் முன்னாடி உக்காந்திருந்தது யார்? பீகார், ஒடிசா, ஜார்கண்ட், அசாம்ல இருந்து வந்தவங்க ஏராளம். அவங்களுக்கு ஊரடங்கு புரியாது. லாக்டவுன் புரியும். காம்பவுண்டு ரூம்ல மாட்டிக்கிட்டு, எப்போ ரயில் விடுவாங்கன்னு தெரியாம நின்னவங்களுக்கும், வாடகை கேட்ட வீட்டுக்காரருக்கும் நடுவுல ஓடின பேச்சு முழுக்க இந்த உடைஞ்ச இங்கிலீஷ்தான். லாக்டவுன், ட்ரெயின், டோக்கன், சேலரி.

எந்த இந்தியைத் தடுக்க இங்கிலீஷைக் கேடயமா வெச்சோமோ, அதே இந்தி பேசற தொழிலாளியும் தமிழ் பேசற சூபர்வைசரும் சந்திக்கிற இடத்துல அதே இங்கிலீஷ் பாலமா நிக்குது. "பையா, பீஸ் டேமேஜ், ஆல்டர் பண்ணு." மூணு மொழி, ஒரு வாக்கியம். வேலை நடந்துடும். ஆனா அந்தப் பையா தன்னோட பி.எஃப். எங்கன்னு கேட்கணும்னா இந்த மொழி போதுமா?

நீளமான ஒரு ஜெர்மன் சொல்

சுத்து முடியற இடத்துக்கு வந்துட்டோம். 2021ல ஜெர்மன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேத்துச்சு. 2023 ஜனவரி 1ல இருந்து அமல். பேரைச் சொல்றேன், மூச்சைப் பிடிச்சுக்கோங்க: லீஃபர்கெட்டன்-சோர்க்ஃபால்ட்ஸ்-ஃப்ளிக்டன்-கெசெட்ஸ். ஷிட்ஸ்டார்ம், லாக்டவுன்னு பேசற அரசியல்வாதிங்கதான் இதுக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்துகூட இல்லாம பேர் வெச்சாங்க. பிரிச்சா: சப்ளைச் சங்கிலி, கவனம், கடமை, சட்டம். ஒரு பெரிய ஜெர்மன் கம்பெனி விற்கிற சட்டையைத் தைக்கிறவங்க எந்த ஊர்ல இருந்தாலும், அவங்க உரிமை மீறப்படுதான்னு பார்க்க வேண்டியது அந்தக் கம்பெனியோட கடமை. முதல்ல 3000 ஊழியருக்கு மேல இருக்கிற கம்பெனிகளுக்கு, 2024ல இருந்து 1000க்கு மேல இருக்கிறவங்களுக்கு.

அந்தச் சட்டைகள்ல கொஞ்சம் எங்க ஊர்ல தைச்சது. அப்போ அந்த நீளமான சொல்லோட கடைசி முனை திருப்பூர்ல ஒரு செக்கிங் டேபிள்ல வந்து முடியுது. ஆனா அது ஜெர்மன்ல புறப்பட்டு, நடுவழியில இங்கிலீஷா மாறி, 'டியூ டிலிஜென்ஸ்', 'கம்ப்ளையன்ஸ்', 'கிரீவன்ஸ்'னு வந்து சேருது. தொழிலாளிகிட்ட வர்றப்போ அது சுவத்துல ஒட்டின ஒரு போஸ்டர், இல்லேன்னா யாரோ கேட்கிற ஒரு கேள்வி. 'கவனம்', 'கடமை' ரெண்டும் வழியிலயே இறங்கிடுச்சு.

இப்போ அம்மாகிட்ட திரும்பலாம்.

போன பொங்கலுக்கு வீட்டுக்குப் போனப்போ இந்த எபிசோடுக்காகக் கேட்டேன். "ஏம்மா, அன்னைக்கு வாலன்டரியான்னு கேட்டதுக்கு ஏன் ஆமான்னு சொன்னீங்க? கம்பெனிக்குப் பயந்துட்டா?"

அம்மா சிரிச்சாங்க. "பயம் என்ன சாமி. அவிய வழக்கமா ஓவர்டைம் பாக்கறீங்களான்னு கேக்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேன். வழக்கமாத்தான பாத்தோம்? அதான் ஆமாங்கன்னேன்."

வாலன்டரி. வழக்கமா. ரெண்டும் 'வ'ல ஆரம்பிக்குது.

இத்தனை வருஷம் அது பொய் சாட்சின்னு நினைச்சுட்டு இருந்தேன். அவங்க உண்மையைத்தான் சொல்லியிருக்காங்க. தினமும் ஓவர்டைம் இருந்ததுன்னு சொல்லியிருக்காங்க. காகிதத்துல அது 'விருப்பப்பட்டுத்தான் செய்றோம்'னு ஏறிடுச்சு.

வாலன்டரின்னா என்னன்னு சொன்னேன். "உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும் பாக்கறது. வேண்டாம்னா வீட்டுக்குப் போயிடலாம்னு அர்த்தம்."

அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "வேண்டாம்னு சொல்லலாமா? அப்படி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது கண்ணு"ன்னாங்க.

நம்ம அரசியல்ல சொல்லோட பூர்வீகத்துக்காக நிறைய சண்டை போட்டிருக்கோம். அந்தச் சண்டையால நான் பலன் அடைஞ்சவன், அதைக் குறைச்சுப் பேச மாட்டேன். ஆனா அந்தச் சண்டையோட கூட இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கணும். இந்தச் சொல்லை வெச்சு அதுக்குக் கீழ வேலை செய்றவங்க எதிர்க்கேள்வி கேட்க முடியுமா? மறியல் அதுல தேறும். தோழர் தேறும். லத்தீன்ல இருந்து வந்த போனஸும் தேறும். சுமங்கலி தேறாது. வாலன்டரியும் தேறாது.

இன்னைக்கு அம்மா வேலைக்குப் போறதில்லை. அதே வரிசையில நிக்கிற ஒடியாப் பொண்ணுகிட்ட இப்போ ஆடிட்டர் அதே கேள்வியைக் கேட்கிறப்போ அது எந்த மொழியில போய்ச் சேருதுன்னு எனக்குத் தெரிஞ்சுக்கணும். நீங்க கம்ப்ளையன்ஸ்ல, ஹெச்.ஆர்.ல, சங்கத்துல வேலை பார்க்கிறவரா இருந்தா எழுதுங்க. உங்க வேலையில நீங்க தினமும் சொல்ற, ஆனா எதிர்ல இருக்கிறவருக்குப் புரியுதான்னு ஒரு தடவைகூடக் கேட்காத ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அந்தச் சொற்களைப் பார்ப்போம்.